பேரோடு வரும்

"பேரோட வருமா?" என்று கேட்டது ஒரு குரல். "லைனுக்கு லைன் பேரோட வரும் சார். யாரு எழுதினா, என்னைக்கு எழுதினா, எல்லாம்" என்றது இன்னொரு குரல். தண்ணீர் மெஷினுக்குப் பின்னால் இருந்த பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு. பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்ற இசக்கியம்மாளுக்கு, தொண்டையைச் செருமிய விதத்திலேயே முதல் குரல் யாருடையதென்று தெரிந்துவிட்டது, மேனேஜர் சந்தானகிருஷ்ணன். மற்றவர் வாடிக்கையாளர் கம்பெனி அனுப்பி பெங்களூரிலிருந்து வந்திருந்த பாதுகாப்பு ஆலோசகராக இருக்க வேண்டும். "நல்லதாப் போச்சு. டீம்ல ஒருத்தர வேலையில இருந்து விடுங்கன்னு மேல இருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. யாரச் சொல்றதுன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன். இதுவே சொல்லிடும்ல" என்றார் சந்தானகிருஷ்ணன், சாயங்காலம் மழை வருமா என்று விசாரிக்கிற தொனியில். பாட்டில் நிரம்பி வழிந்து ஐஸ் தண்ணீர் அவள் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டாள். மூடியைத் திருகினாள். மரை நேராக உட்காரவில்லை. கழற்றி மறுபடியும் திருகினாள். தடுப்புக்கு அப்பால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டதும், ஒட்டுக்கேட்டவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று, வேகமாகவும் நடக்காமல் மெதுவாகவும் நடக்காமல், அப்படி நடப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டே தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். அவர்கள் பேசிய அந்த 'இது'வை எல்லாக் கணினியிலும் ஏற்றுகிற வேலை அவளுக்குத்தான் கொடுக்கப்பட்டிருந்தது.

ஆபீசில் எழுதிய கணினி நிரலையெல்லாம், 'கோடு' என்பார்கள், வரி வரியாகப் படித்து, எங்கே ஓட்டை, எங்கே சாவியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்கிற கருவி. பட்டன், படம் ஒன்றும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் ஓடும். ஏற்றுவதற்குத்தான் பாடு. விண்டோஸுக்கு ஒரு வழி, மேக்குக்கு ஒரு வழி, லினக்ஸுக்கு ஒரு வழி. இதற்கெல்லாம் பொறுமையான ஆள் வேண்டும் என்று மீட்டிங்கில் சந்தானகிருஷ்ணன் சொன்னபோது எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். பொறுமையான ஆள் என்றால் எதிர்த்துப் பேசாத ஆள். அவளும் தலையாட்டிவிட்டாள். பெரும்பாலும் ஏற்றி முடித்தாயிற்று. மிச்சம் மூன்று: ஹமீதுடைய விண்டோஸ், சந்தானகிருஷ்ணனுடைய மேக், கடைசியாக அவளுடைய சீனியர் பெனடிக்டா அக்காவின் லினக்ஸ். அந்தக் கடைசிக் கணினியில்தான் காப்பீட்டு ப்ராஜெக்டின் முழு வரலாறும் இருக்கிறது, முதல் நாள் எழுதிய முதல் வரியிலிருந்து. அதில் ஓட்டினால் முடிவு நேராக மேலே போய்விடும். நேற்று, சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, மேலே எதுவும் அனுப்பாத முறையில், அந்த ப்ராஜெக்டின் நிரலில் தன்னிடம் இருந்த ஒரு பகுதியை மட்டும் ஓட்டிப் பார்த்திருந்தாள். சிவப்பாக ஒரு வரி வந்தது. நோயாளிகளின் விவரங்கள் இருக்கும் தரவுக் கிடங்கின் கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்றது. அது தெரியும். தெரியாமல் என்ன, எழுதியதே அவள்தான். ஆனால் அந்த வரிக்குப் பக்கத்தில் இருந்த பெயர் பெனடிக்டா.

பெனடிக்டா. பெனடிக்டா. அந்தப் பெயரைத் திரையில் பார்த்தபோது ஏன் முதலில் ஒரு நிம்மதி வந்தது? ஒரு கணம்தான். நிம்மதியேதான் அது, வேறு பெயர் வைக்க முடியாது. அதற்குப் பிறகுதான் அக்கா என்ன ஆவாள் என்ற நினைப்பு வந்தது. எது முதலில் வந்ததோ அதுதான் தான் என்று அவளுக்குத் தோன்றியது. பின்னால் வந்ததெல்லாம் படித்தது, பழகியது. புதிதாக வருகிறவர்களுக்குத் தகுதிகாண் காலம் முடியும்வரை எழுதியதை ப்ராஜெக்டில் நேராகச் சேர்க்க அனுமதி கிடையாது. ஆனால் வேலை நிற்கக்கூடாது. ஆகவே அவர்கள் எழுதியதைச் சீனியர்கள் வாங்கித் தங்கள் பெயரில் சேர்த்துவிடுவார்கள். இந்த ஆபீசில் எல்லோரும் அப்படித்தான். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை, விதி என்றும் எழுதி வைத்ததில்லை. அவள் எழுதியதெல்லாம் அக்கா பெயரில் போனது. பிறகு அவளுக்கு அனுமதி வந்தது. வந்த பிறகும் அவள் அக்காவிடமே கொடுத்துக்கொண்டிருந்தாள். 'நீங்களே சேத்துருங்கக்கா, எனக்கு பயமா இருக்கு' என்பாள். பயம் என்பது உண்மைதானா? தன் பெயர் எங்கும் இல்லாதது அவளுக்குப் பிடித்திருந்தது. பயிற்சி வகுப்பின் முதல் நாளில் வடக்கத்திக்காரர் ஒருவர் அவள் பெயரை வாசிக்க ஆரம்பித்து, பாதியில் நின்று, மறுபடி ஆரம்பித்து, கடைசியில் தாளை உயர்த்திக் காட்டி இது யார் என்று கேட்க, அறையே சிரித்தது. அன்றைக்கே அவள் இசா ஆகிவிட்டாள். அதற்கப்புறம் எந்த இடத்திலும் பெயரைக் கேட்டால் கழுத்தில் சூடு ஏறும். அக்காவின் பெயருக்குள் உட்கார்ந்து எழுதியபோது அந்தச் சூடு இல்லை. கை சரளமாகப் போயிற்று. அந்தச் சரளத்தில்தான் ஒரு நாள் சோதனை ஓட்டம் நின்று நின்று போக, நாளைக்கு எடுத்துவிடலாம் என்று கடவுச்சொல்லை அப்படியே எழுதினாள். அன்றைக்கு அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து, கணவர் படுத்த படுக்கையான முதல் வாரம் அது, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே படித்துப் பார்க்காமல் சேர்த்துவிட்டாள். பிறகு இசக்கி அந்த வரியை எடுத்துவிட்டாள்தான். எடுத்தாலும் போகாது. வரலாறு என்று ஒன்று அடியில் இருந்துகொண்டே இருக்கும். எழுதியதும் இருக்கும், அழித்ததும் இருக்கும். கடவுச்சொல்லையும் யாரும் இன்னும் மாற்றவில்லை.

ஹமீது அவளைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துத் தோளைக் காட்டினான். "வாங்க டாக்டர், வலிக்காம போடுங்க" என்றான். வாணியம்பாடிக்காரன், யாரிடமும் எதையும் சொல்லிவிடக் கூடியவன். அப்படி ஒரு வாய் தனக்கு இருந்தால் என்று அவள் நினைத்தாள். அவன் எழுந்து நின்று இடம் கொடுக்க, அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியின் வெப்பம் பிடிக்காமல் நுனியில் உட்கார்ந்தாள். ஏற்றும் வரியை அடித்தாள். வைரஸ் தடுப்பு குறுக்கே வந்து, இது ஆபத்தானதாகத் தெரிகிறது என்றது. தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று அனுமதி கொடுத்தாள். நிர்வாகியின் கடவுச்சொல் கேட்டது, கொடுத்தாள். நீல நிறத்தில் ஒரு கோடு வளர்ந்து முடிந்தது. கருவியின் பெயரை அடித்தாள். இப்படி ஒன்று எனக்குத் தெரியாது என்றது கணினி. இப்போதுதானே உள்ளே வைத்தேன்? உள்ளேதான் இருக்கிறது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை, சொல்லாததால் இல்லை என்கிறது. பொய் சொல்லவில்லை. தேடும் இடங்களின் வரிசையில் இந்த இடத்தையும் சேர்க்க வேண்டும், சேர்த்துவிட்டுக் கறுப்புத் திரையை மூடித் திறக்க வேண்டும். மூடித் திறக்காவிட்டால் சேர்த்ததும் தெரியாது. கேட்டால் சொல்லலாம். யாராவது கேட்டால் சொல்லிவிடலாம். இந்த வரியை எழுதியது நீயா என்று யாரும் கேட்கப்போவதில்லை, ஏனென்றால் அந்த வரியில் ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கிறது. பெயர் இருக்கும் இடத்தில் கேள்வி வராது. "என் கோடுல பாதி நெட்ல இருந்து சுட்டது. அதுக்குச் சுட்டவன் பேரா வரும், எழுதினவன் பேரா வரும்?" என்று ஹமீது கேட்டான். அவள் விரல் விசைப்பலகையில் தவறி ஒரே எழுத்து வரிசையாக ஓடியது. "யார் சேத்தாங்களோ அவங்க பேரு" என்றாள். சொன்ன பிறகு தன் குரலைத் தானே கேட்டாள். மிகச் சாதாரணமாக இருந்தது. "அப்ப செத்தேன்" என்று அவன் சிரித்தான். பக்கத்து சீட்டில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

ஒருத்தரை விடுங்கள். ஒருத்தர் என்பது ஒருத்தர்தான். அது அக்காவாக இருந்தால் தான் இல்லை. தானாக இருந்தால் அக்கா இல்லை. இவ்வளவு எளிய கணக்கைப் பள்ளிக்கூடத்தில் கூட யாரும் கொடுத்ததில்லை. அக்காவின் வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான். கணவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறும், பெண் பத்தாவது படிக்கிறாள். இசக்கியின் வீட்டில் அப்பா இருக்கிறார், தம்பி இருக்கிறான், யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆனால் சாத்தூர் மாமன் வீடு இருக்கிறது. வேலை பார்க்கிற வரைக்கும் பார்க்கட்டும் என்று அம்மா அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் போனில் அந்த 'வரைக்கும்' வரும். மாமன் மகன் கெட்டவன் இல்லை. கல்யாண வீடுகளில் அவன் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறாள், இலையை வழித்து, தலையை நிமிர்த்தாமல். அவன் அம்மா நின்றுகொண்டு அவளை ஏற இறங்கப் பார்ப்பாள், துணிக்கடையில் சேலையை உதறிப் பார்க்கிற மாதிரி. இந்த ஆபீசின் குளிரில், இந்தக் கண்ணாடிச் சுவருக்குள், யாரும் அவளைப் பார்ப்பதில்லை. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்காக இன்னொருத்தி வீட்டை... இல்லை, அப்படி இல்லை, விடப்போவது சந்தானகிருஷ்ணன், நான் கருவியை ஏற்றுகிறேன், அவ்வளவுதான். கருவியோடு வந்த குறிப்பில் ஓர் இடத்தை நேற்று இரண்டு முறை படித்திருந்தாள்: இன்ன கோப்பைப் பார்க்காதே என்று ஒரே ஒரு வரி எழுதி வைத்தால் கருவி அந்தப் பக்கமே போகாது. கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது அந்த ஒரு வரி. ஆனால் அப்படி விலக்கு வைத்தால் வைத்தது யார் என்பதும் பேரோடு வரும் என்று அதற்குக் கீழேயே போட்டிருந்தது. நோயாளிகளின் ரகசியம் திறந்து கிடக்கிறதே, யாரோ முன்பின் தெரியாதவன் யாருடைய மார்பில் கட்டி, யாருக்குக் குழந்தை தங்கவில்லை என்றெல்லாம் உட்கார்ந்து படிக்கலாமே, அதனால்தான் மறைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய். பேரோடு வரும் என்பதைப் படித்ததும்தான் பக்கத்தை மூடினாள்.

சந்தானகிருஷ்ணனின் கேபின் கதவு கண்ணாடி. வெளியே நின்று விரல் முட்டியால் தட்டும்போது தன் உருவமே தன்னைத் தட்டுவது போல இருந்தது. அவர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். முரட்டு மனிதர் இல்லை. யாரையும் ஒருமையில் திட்டியவர் இல்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். மேக்கில் இரண்டு ஜாதி உண்டு, பழைய சிப், புதிய சிப். அவள் பழையதற்கானதை இறக்கிவிட்டாள். தப்பென்று தெரிந்ததும் அதை அழித்துவிட்டுப் புதியதை இறக்கினாள். இறங்கும்வரை காத்திருந்தாள். குளிர்காற்று நேராகப் பிடரியில் இறங்கியது. இப்போது சொல்லலாம். சார், அந்தக் காப்பீட்டு ப்ராஜெக்டுல ஒரு விஷயம். இல்லை, சார், நான் ஒண்ணு சொல்லணும். நான் ஒண்ணு சொல்லணும் என்றால் அவர் போனை வைத்துவிடுவார். வைத்துவிட்டால் அந்த முகம் முழுவதும் இந்தப் பக்கம் திரும்பும். திரும்பிய முகத்துக்கு முன்னால் இரண்டாவது வாக்கியம் வேண்டும். இரண்டாவது வாக்கியத்தில்தான் 'நான்' வருகிறது. அதை 'எங்களோட பழக்கம் என்னன்னா சார்' என்று ஆரம்பிக்கலாமா? அப்படி ஆரம்பித்தால் எல்லாச் சீனியர்களையும் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். ஹமீதும்தான் இரண்டு பையன்களுக்குச் சேர்த்துக் கொடுக்கிறான். மறுபடியும் முதலிலிருந்து. சார், அந்தக் காப்பீட்டு. கருவியை ஓட்டினாள். இதை எழுதியவர் யாரென்று சரிபார்க்க முடியவில்லை, ஆகவே திறக்க மாட்டேன் என்றது மேக். அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். எழுதினவன் யாருன்னு தெரியலைன்னா இவன் வாசல்லயே நிறுத்திடுவான், இந்த ஒழுங்கு நம்ம ஆளுங்ககிட்ட இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும் என்று சொன்னார். "சார்" என்றாள் அவள். உண்மையாகவே சொல்லிவிட்டாள் அந்த முதல் சொல்லை. அவர் நிமிர்ந்தார். "என்னம்மா?" கழுத்தில் சூடு ஏறியது. காது மடல் வரைக்கும் வந்தது. "பாஸ்வேர்டு போடணும் சார்" என்றாள். அவர் குனிந்து போட்டார். எப்படியும் திற என்ற பட்டனை அவள் அழுத்தினாள். திறந்தது. எழுந்து வெளியே வரும்போது, அமைதியா வேலை பாக்குறவங்களத்தான் எனக்குப் பிடிக்கும், நீ நல்லா வருவ என்று பின்னாலிருந்து சொன்னார். தேங்க் யூ சார் என்று சொன்னது அவள்தான். வேறு யாரும் அங்கே இல்லை.

சாப்பாட்டு நேரம் நெருங்கியதால் தளம் பாதி காலியாகிவிட்டிருந்தது. யாரோ சூடாக்கிய மீன் குழம்பின் வாசம் ஏசி வழியாக எல்லா இடத்துக்கும் போய், அதைப் பற்றி யாரோ முகம் சுளித்துக்கொண்டு போனார்கள். பெனடிக்டா அக்காவின் இடம் ஜன்னலோரம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கால் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் ஒரு காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். தூத்துக்குடிக்காரி. இத்தனை வருஷச் சென்னையும் அவள் பேச்சை ஒன்றும் செய்யவில்லை. இசக்கி வந்த புதிதில் அந்தப் பேச்சுக்காகவே அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். "எல்லாருக்கும் போட்டுட்டியாட்டி? நாந்தான் கடைசியா?" என்று அக்கா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். தூக்கமில்லாத கண். மோதிர விரலில் மருந்துக் கறை, மஞ்சளாக. லினக்ஸில் பட்டன், பேச்சு எதுவும் கிடையாது. இறக்கினாள், அனுமதி இல்லை என்றது. ஓடுவதற்கு உரிமை கொடுத்தாள், மறுபடி அனுமதி இல்லை, கடவுச்சொல் என்றது. அக்கா கையை நீட்டி அடித்தாள். இதில் மட்டும் கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளி கூட விழாது. அடிக்கிறோமா இல்லையா என்றே தெரியாது. விரல்கள் போய்க்கொண்டிருக்கும், திரை சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருத்தலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் இசக்கி. உள்ளே எல்லாம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. கருவி ஏறி முடிந்தது. ப்ராஜெக்டின் முழு வரலாற்றையும் பார், முடிவை மேலே அனுப்பு என்கிற வரியை அடித்தாள். ஒரு எழுத்து தப்பிப் போயிற்று, அழித்துத் திருத்தினாள். திருத்தியது சரிதானா என்று ஆரம்பத்திலிருந்து படித்தாள். சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் படித்தாள். இன்னும் எண்டர் தட்டவில்லை. வலது கைச் சுண்டுவிரல் அந்த விசைக்கு மேலே நின்றது. விரலுக்குள் துடிப்பது தெரிந்தது. இதயம் அங்கே வந்துவிட்டதா, அல்லது எப்போதும் அங்கேயும் துடித்துக்கொண்டுதான் இருக்கிறதா, யாரும் கவனிப்பதில்லையா.

"என்னத்துக்குட்டி இன்னும் தட்டாம இருக்க?" என்றாள் அக்கா. எழுத்து சரியா இருக்கான்னு பாக்கேன் என்று இசக்கி சொன்னாள். அக்கா திரையைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே வேலை நடக்கும் கட்டடத்தின் கிரேன் ஒன்று மிக மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. "நீ எழுதுனது என் பேர்லதான வரும். எனக்கு அது தெரியாதுன்னா நெனச்ச? மீட்டிங்ல இந்தக் கருவின்னு சொன்னப்பவே தெரியும். அன்னைக்கு நான் பாக்காமச் சேத்தது எனக்குத் தெரியாதா?" கோபம் இல்லாத குரல். குரலில் எதுவுமே இல்லை, ராத்திரியெல்லாம் ஒருவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வந்த குரல். சந்தானகிருஷ்ணன் ஒருத்தரை விடப்போகிறார் என்ற பேச்சு தன் காதுக்கும் வந்துவிட்டதென்று அக்கா சொன்னாள். அவரிடம் தானே போய் இது அந்தப் பிள்ளை எழுதினது என்று சொன்னால், மாட்டிக்கொண்டவள் சின்னப் பெண் தலையில் போடுகிறாள் என்றுதான் நினைப்பார். அதைத் தன்னால் செய்ய முடியாது, செய்யப்போவதும் இல்லை என்றாள். ஸ்வெட்டர் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டாள். பிறகு, யாருக்கும் கேட்காதபடி, மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சொல்லணும்னா இப்பமே போய்ச் சொல்லிரு, பிள்ள. அவுக கேபின்லதான் இருக்காவ. ரிப்போர்ட் வந்த பெறவு நீ சொன்னா, எனக்காவப் பரிஞ்சு பேசுதன்னுதான் நெனப்பாவ. ஒருத்தரும் நம்ப மாட்டாவ." இப்பமே. அந்தச் சொல் எங்கேயோ போய் மோதித் திரும்பி வந்தது. கேபினுக்கு எவ்வளவு தூரம். ஹமீதின் சீட்டைத் தாண்டி, பிரின்டரைத் தாண்டி, கண்ணாடிக் கதவு. அதில் தன் உருவம் வரும். தட்ட வேண்டும். சார். என்னம்மா. அந்த 'என்னம்மா'வுக்குப் பிறகு என்ன என்று அவள் எத்தனை தடவை தேடினாலும் அங்கே ஒன்றும் இல்லை. இருக்கிறது, ஆனால் எங்கே தேட வேண்டும் என்று தெரியவில்லை. கால்கள் நாற்காலிக்கு அடியில் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டிருந்தன. அவிழ்க்கச் சொன்னாள், அவை கேட்கவில்லை. அம்மாவின் 'வரைக்கும்' காதில் வந்தது. சேலையை உதறும் கைகள் வந்தன. நேற்று சிவப்பு வரியைப் பார்த்ததும் முதலில் வந்த அந்த ஒரு கணம் வந்தது, எவ்வளவு இதமாக இருந்தது. அக்கா காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. கையால் தொடவும் இல்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று இசக்கி பார்க்கவில்லை. கிரேன் முழுவதும் திரும்பி நின்றுவிட்டது.

இசக்கி சுண்டுவிரலை இறக்கி எண்டரைத் தட்டினாள்.